கடலைக்காரர் ஜெயித்த மத்தியானம்

கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளம் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உட்கார்ந்து போகும் இருக்கைக்கு நூற்றுப் பத்து ரூபாய். காலை ஏழு மணி வண்டியைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரியில் இருக்கலாம். அங்கே ஊர் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் புதன்கிழமை ஊர் பார்க்கப் போகவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஜமீலா அக்கா போன் செய்திருந்தாள். "நாளைக்கு ரிசல்ட் வருது யூசுபு. நீ பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்" என்றாள். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்குப் போனதிலிருந்து எதற்கும் யாரையும் கூப்பிடாதவள் அவள். அவள் புருஷன் காசிம் மச்சானுக்கு ஓயாத இருமல். படம் எடுத்துப் பார்த்ததில் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றா இல்லையா என்று புதன் மத்தியானம் தெரிந்துவிடும். கோட்டைமேட்டில் கல்யாணங்களுக்கு அண்டா குண்டா வாடகைக்கு விடுகிற என் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வாளையாறு தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறியது. பாலக்காட்டில் ஏறிய ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்து, மடியில் இருந்த பையைச் சரி செய்துகொண்டு, "எங்க போறேள்?" என்றார்.

"மட்டாஞ்சேரி."

"டூரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவர் திருச்சூர் வரைக்கும் எனக்காக வருத்தப்பட வேண்டியிருக்கும். பொய்க்கு உடனே கூலி கிடைத்தது. யூதர் கோயில் சனிக்கிழமை பூட்டியிருக்கும், டச்சு அரண்மனைக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் எதையும் சொன்ன விலைக்கு வாங்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். "பாதி விலையிலேந்து ஆரம்பிக்கணும், கேட்டேளா" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பாரதப்புழையைப் பார்த்தேன். மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். ஆற்றில் மணலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தன.

பதினொன்றே கால் மணிக்கு எர்ணாகுளம் தெற்கு. வெளியே ஆட்டோக்காரர் பாலத்து வழியாக மட்டாஞ்சேரி பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய் என்றார். படகுத் துறைக்கு மட்டும் விடச் சொன்னேன்.

"போட்டுல போனா நேரம் ஆகுமே" என்றார்.

"ஆகட்டும்."

சிக்கனம் இல்லை, பயம். சீக்கிரம் போய்ச் சேர எனக்கு மனம் வரவில்லை. அறுபது ரூபாய் கொடுத்து இறங்கி, பிராட்வே கடைத்தெருவுக்குள் புகுந்து, சுமை வண்டிகளிடம் இடி வாங்கிக்கொண்டு ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினேன். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆரஞ்சைத் தவிர வேறு பழம் நோயாளிக்கு ஆகாது என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். காரணம் யாருக்கும் தெரியாது.

படகுச் சீட்டு ஆறு ரூபாய். இந்த விலைக்கு இந்தியாவில் இவ்வளவு தண்ணீரை வேறு எங்கும் காட்டமாட்டார்கள். வெலிங்டன் தீவின் ஓரமாகவே போனோம். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது. பழைய கிடங்குகளும் கிரேன்களும் ஒரே வரிசையாக நின்றன. தீவில் சிலர் இறங்கினார்கள். படகில் இருந்தவர்களில் இரண்டு வெள்ளைக்காரர்களும் நானும்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளூர்க்காரர்கள் தூங்கினார்கள்.

மட்டாஞ்சேரித் துறையில் இறங்கினால் முதலில் வருவது சுக்கு வாசனை. பிறகு மிளகு, பிறகு ஈரச் சாக்கு. பஜார் ரோட்டில் லாரிகளுக்கு இடையே உடம்பை ஒடுக்கி நடந்தால் மச்சானின் சாக்குக் கடை. மிளகும் ஏலமும் கட்டுகிற கிடங்குகளுக்கெல்லாம் அவர்தான் சாக்கு கொடுக்கிறார். கீழே கடை, மேலே வீடு.

கடையை நெருங்கும்போதே உள்ளே சண்டை நடப்பது தெருவுக்குக் கேட்டது. என் கால் நின்றுவிட்டது. ரிசல்ட் வந்துவிட்டது, யாரோ அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், சாக்குக் கட்டுகளின் மேல் மூன்று பேர் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையில் சாயாக் குவளையோடு கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் மச்சான். கழுத்து எலும்பு தெரிந்தது. சட்டை இரண்டு பேருக்குத் தைத்ததுபோல் இருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

"தோத்ததுக்கு அப்புறம் ஒரு மனுஷன் என்ன செஞ்சான்னு பாருங்க சாமி. சுத்தியலை எடுத்துக்கிட்டுப் போயி ஏழைக்கு வீடு கட்டினாரு. உங்க ஆளு கட்டினாரா?"

"அதனால அவர் நல்ல கொத்தனார்னு நான் ஒத்துக்கறேன். நல்ல ஜனாதிபதின்னு எப்படி ஒத்துக்கறது?" என்றார் இடது பக்கம் இருந்தவர்.

என்னைப் பார்த்ததும் மச்சான், "வா மாப்ள, இரி. சாயா குடிக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சண்டைக்குத் திரும்பினார்.

அந்த இருவரையும் சொல்லிவிடுகிறேன். கொத்தனார் என்றவர் மணி சாமி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அந்தோணி சேட்டன். குவைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் பேசுவதில் பாதி மலையாளம், பாதி தமிழ், காது பழகினால் எல்லாம் புரியும். மூவரும் முப்பது வருடமாக இந்தச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். உள்ளூர் அரசியல் பேசி ஒருமுறை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்களாம். அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். நமக்கு ஓட்டு இல்லாத தேசத்தைப் பற்றி மட்டும்தான் இங்கே தர்க்கம். இந்த வருடம் எடுத்துக்கொண்ட விஷயம், இந்தக் காலத்து அமெரிக்க ஜனாதிபதிகளில் யார் சிறந்தவர் என்பது.

இன்னொரு சட்டமும் உண்டு. யார் பெயரையும் சொல்லக் கூடாது. பெயர் காதில் விழுந்தால் தெருவில் போகிறவனும் கருத்துச் சொல்ல உள்ளே வந்துவிடுகிறானாம். அதனால் எல்லோருக்கும் பட்டப்பெயர். கடலைத் தோட்டம் வைத்திருந்தவர் கடலைக்காரர். சினிமாவிலிருந்து வந்தவர் நடிகர். அப்பனும் மகனும் பதவிக்கு வந்த குடும்பத்தில் மூத்தவர் அப்பா. அறுபதுகளில் நமக்குக் கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்பியவர் கோதுமைக்காரர். இப்போது பதவியில் இருப்பவரைச் சேர்ப்பதில்லை. "அடுப்புல இருக்கறதுக்கு உப்புப் பார்க்கப்படாது" என்றார் மணி சாமி.

மணி சாமி நடிகர் கட்சி. குண்டடி பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் டாக்டர்களிடம் தமாஷ் பேசியவர், பெரிய யுத்தம் வராமல் ரஷ்யாக்காரனோடு கை குலுக்கியவர் என்பது அவர் வாதம். அந்தோணி சேட்டன் அப்பா கட்சி. ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது அவர் அங்கே இருந்தார். உடுத்திய துணியோடு பாலைவனம் கடந்து ஜோர்டானுக்கு ஓடியவர்.

"எனிக்கு ஜோலி திரிச்சுக் கிட்டியது ஆரால? அப்பாவால" என்றார். வேலை திரும்பக் கிடைத்தது அவரால்தான் என்கிறார்.

"அவர் எண்ணெய்க்காக வந்தாரு சேட்டா" என்றார் மச்சான்.

"எதுக்கு வந்தாலும் வந்துல்லோ, காசிம்க்கா. உங்க கடலைக்காரர் வந்நிருந்தால் பேச்சுவார்த்தைக்கு நாற்காலி தேடிக்கிட்டு இருந்நிருப்பார்."

மச்சான் மட்டும் கடலைக்காரர் கட்சி. முப்பது வருடத்தில் எந்த விஷயத்தை எடுத்தாலும் அவர் தோற்றவன் பக்கம்தான் நிற்பாராம். ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை.

"நீ யாரு பக்கம் மாப்ள?" என்றார் என்னிடம்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது மச்சான்" என்று சொல்லி ஆரஞ்சோடு மாடிக்கு ஏறிவிட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தாடி பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்ட கதையாக, வீட்டில் இப்படி ஒரு நாள் விடிந்திருக்க, இவர்களுக்கு அமெரிக்கா கேட்கிறது. அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

அவள் மத்தி மீனை வாணலியில் திருப்பிப் போட்டபடி, "கத்தட்டும் யூசுபு" என்றாள். "ஊசி போட்டு வந்ததுலேர்ந்து மாடியில இந்த மனுஷன் வாயத் தொறக்கறதில்ல. சுவத்தப் பார்த்துப் படுத்திருப்பாரு. கீழ அவங்க ரெண்டு பேரும் வந்தாத்தான் குரலே வருது. அதான் மூணு நேரமும் வராங்க. சாமிக்கு முட்டி வலி, கம்பை ஊணிட்டு வராரு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தாப் போதும், அடுப்பு வேல ஓடும்."

போன் அவள் இடுப்பில் செருகியிருந்தது. மகள் ஷாஹினா ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். டாக்டர் சொன்னதும் கூப்பிடுவாள்.

மத்தியும் மாங்காய் போட்ட மீன் குழம்பும் சோறும். மச்சான் மாடிக்கு வந்து இரண்டு கவளம் எடுத்தார், எழுந்துவிட்டார். அக்கா சொன்னது சரிதான். சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவும்போது இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கீழே போகட்டும், கத்தட்டும், யார் வேண்டுமானாலும் சிறந்தவராக இருக்கட்டும் என்று நானே நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டரை மணிக்கு மறுபடி கீழே கூடினார்கள். நானும் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தேன். மச்சான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பரம்பரைப் பகையாளிகளான இரண்டு தேசத்தாரைக் காட்டு பங்களாவில் உட்கார வைத்து, கையெழுத்துப் போடும் வரை வெளியே விடாமல் கடலைக்காரர் சமாதானம் செய்துவைத்ததைச் சொன்னார். "சண்டை போட ஆளு ஆயிரம் கிடைக்கும். சமாதானத்துக்கு..." என்றபோது மூச்சு முட்டி நிறுத்தினார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "மச்சான் சொல்றதுதான் சரி. எப்படிப் பார்த்தாலும் கடலைக்காரர்தான் சிறந்தவர்" என்றேன். பாவம், ஒரு நாளாவது ஜெயிக்கட்டுமே என்ற நினைப்பு.

மணி சாமி என்னைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். கம்பைத் தரையில் உருட்டிக்கொண்டே, "யோசிச்சுப் பார்த்தா காசிம் சொல்றதிலேயும் நியாயம் இருக்கு. நடிகர் கடன் வாங்கினது கொஞ்சநஞ்சமில்லை. கடலைக்காரரே இருக்கட்டும்" என்றார்.

அந்தோணி சேட்டன் கொஞ்ச நேரம் தயங்கினார். அவருக்கு அது குவைத்தைத் திரும்பவும் பறிகொடுப்பது. ஆனாலும் குனிந்தபடி, "சரி. கடலைக்காரர்" என்றார்.

கடையில் சத்தமே இல்லை. வெளியே ஒரு லாரி பின்னால் வருகிற ஒலி கேட்டது.

நான் மச்சானின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அது வெளுத்தது. எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஷாஹினா உங்களுக்குப் போன் பண்ணிட்டாளா?" என்றார்.

"இல்லை மச்சான்."

"பொய் சொல்லாத யூசுபே. முப்பது வருஷத்துல இந்தச் சாமி ஒரு தடவ எனக்கு ஒத்துக்கிட்டதில்ல. சேட்டன் அப்பாவ விட்டுக் கொடுக்கிற ஆளா? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் சொல்லல."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் இல்லை இல்லை என்றோம். ஒரே நேரத்தில் சொன்னது இன்னும் மோசமாகப் போயிற்று. அந்தோணி சேட்டன் அவசரமாக, "கடலைக்காரர் ஒரு கழிவில்லாத ஆளு, நாலு கொல்லத்துல ஜனமே வீட்டுக்கு அனுப்பிச்சு" என்று பழையபடி தாக்கிப் பார்த்தார். திறமை இல்லாதவர், நாலே வருடத்தில் ஜனங்கள் துரத்திவிட்டார்கள் என்று தினமும் கடை அதிரச் சொல்கிற அதே வார்த்தைகள்தான். இப்போது பாதியிலேயே அவர் குரல் உடைந்தது. மச்சான் அதைக் கேட்கக்கூட இல்லை. அரைஞாணில் கோத்திருந்த கடைச் சாவிகளைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"உன் அக்காவுக்கு இந்த வியாபாரம் தெரியாது. நீ ஒரு மாசம் இருந்து பார்த்துக் கொடு" என்றார். கோபமாகவோ அழுகையாகவோ சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. சாவிக் கொத்து அவர் உடம்புச் சூட்டோடு என் தொடையில் கிடந்தது. நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது எனக்கு.

மாடிப்படியில் காலடி கேட்டது. அக்கா பாதிப் படியில் நின்று, "ஏன் சத்தத்தக் காணோம்? என்ன ஆச்சு?" என்றாள். சத்தம் நின்றதும் அடுப்பு வேலையை விட்டு இறங்கி வந்திருக்கிறாள். அவள் புருஷனின் முகத்தையும் என் மடியில் இருந்த சாவியையும் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் இடுப்பில் போன் அடித்தது.

எடுத்துப் பேசாமல் போனை என்னிடம் நீட்டினாள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"உம்மா, அத்தா பக்கத்துல இருக்காங்களா?" என்றாள் ஷாஹினா. அழுதுகொண்டிருந்தாள். "இருக்காரு" என்றேன். "புத்து இல்ல. டாக்டர் நல்லாத் தெளிவா சொல்லிட்டாரு. சாக்குத் தூசி உள்ள போயிப் போயி வந்த வீக்கமாம். மாத்திரை சாப்பிட்டாக் கரைஞ்சிடுமாம். இனிமே கடையில மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டுத்தான் உட்காரணுமாம். கேட்குதா?"

"கேட்குது" என்றேன்.

வயிற்றில் பால் வார்த்தாள் அந்தப் பெண். அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தோணி சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டார். மணி சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். மச்சான் மட்டும் எதையோ யோசிப்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க மூணு பேரும் ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்றார் கடைசியில்.

மணி சாமி கண்ணாடியை மாட்டினார். "பரிதாபப்பட்டு ஒத்துண்டோம். வேறென்ன? இப்போ அதை வாபஸ் வாங்கிக்கறேன். நடிகர்தான்."

"ஞானும்" என்றார் அந்தோணி சேட்டன். "அப்பா."

"ஜெயிச்சு ஒரு சாயா குடிக்க நேரம் விடலியே, பாவிகளா" என்றார் மச்சான். சொல்லிவிட்டுச் சிரித்தார், இருமினார், திரும்பவும் சிரித்தார். என் மடியிலிருந்த சாவிகளைத் தானே எடுத்துப் பழைய இடத்தில் கோத்துக்கொண்டார். அக்கா படியிலிருந்து எழுந்து வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் துப்பட்டாவின் நுனியை அவர் மூக்கின் மேல் அழுத்திப் பிடித்து, "முதல்ல இத மூடுங்க, அப்புறம் பேசுங்க" என்று திட்டினாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிப் படகுக்குக் கிளம்பினேன். மருந்துக் கடையில் வாங்கிய முகமூடியை மாட்டிக்கொண்டு மச்சான் துறை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஜார் ரோட்டில் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. ஜூ டவுன் பக்கம் இருந்த எதையும் நான் பார்க்கவில்லை. பாலக்காட்டு அம்மாளைத் திரும்பி வருகிற வண்டியில் சந்தித்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் வரிசையாகப் போவோம். பழத்தை வைப்போம். எல்லாம் சரியாகிவிடும் என்போம். நோயாளி என்ன சொன்னாலும் ஆமாம் என்போம். அவர் மனைவி இஞ்சி கொடுத்தேன் என்றால் இஞ்சி நல்லது, கொடுக்கவில்லை என்றால் கொடுக்காததும் நல்லது. எத்தனை பேரை இப்படித் தலையாட்டியே மிரள வைத்திருக்கிறோமோ. அந்தக் கடையில் உட்காரும் வரை இது எனக்குத் தோன்றியதில்லை.

படகில் ஏறி நின்றதும் மச்சான் கரையிலிருந்து, "இப்பவாவது உண்மையைச் சொல்லு மாப்ள. நீ யாரு பக்கம்?" என்று கேட்டார்.

"கோதுமைக்காரர் பக்கம்" என்றேன். "உங்க அத்தா இந்தக் கடைய ஆரம்பிச்சதே அந்தக் கோதுமை வந்த காலிச் சாக்கை வித்துத்தானே? அவரு சோத்தைத் தின்னுட்டுக் கடலைக்காரருக்குக் கொடி பிடிக்கிறீங்க."

முகமூடியை இழுத்துக் கீழே விட்டார். வியட்நாமில் குண்டு போட்டது யார் என்றார். ஒரு கையில் கோதுமை கொடுத்து மறு கையில் குண்டு போடுகிறவனுக்கு வக்காலத்து வாங்க உனக்குக் கூச்சமில்லையா என்றார். அண்டா வாடகைக்கு விடுகிறவனுக்கு அமெரிக்கா என்ன தெரியும் என்றார். படகு கிளம்பியது. அவர் துறையின் விளிம்பு வரைக்கும் வந்து நின்று திட்டினார். தூங்கிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் கண் விழித்துப் பார்த்தார்கள். நான் கைப்பிடியை விட்டுவிட்டு, கோதுமைக்காரர் கோதுமைக்காரர் என்று பதிலுக்குக் கத்தினேன். வார்த்தைகள் புரியாத தூரம் வந்த பிறகும் அவர் கை வீசிப் பேசுவது தெரிந்தது. ஒருமுறைகூட இடையில் நிறுத்தி நெஞ்சைப் பிடிக்கவில்லை.